பத்துப் பேர் உட்காரும் கணினியில் எதைப் பூட்டலாம், எதைத் திறந்து விடலாம்: முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் 9 கணினிகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் அதில் ஒன்று, ஸ்டிக்கர் ரோலில் அடிக்க வேண்டிய கார்ட்டன் ஸ்டிக்கரை எல்லாம் ஏ4 பிரிண்டருக்கு அனுப்ப ஆரம்பித்தது. தாளுக்கு ஒரு ஸ்டிக்கர் என்று நாற்பது தாள் போன பிறகுதான் அங்கிருந்த அக்கா கூப்பிட்டார்: "தம்பி, பிரிண்டருக்குப் பைத்தியம் பிடிச்சுருச்சுங்க." போய்ப் பார்த்தால் பெரிய கோளாறு எதுவும் இல்லை, ராத்திரி ஷிப்டில் யாரோ ஒரு லீவ் லெட்டரை ஏ4இல் எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே டிஃபால்ட் ஆக்கிக்கொள்ளும் வசதி ஒன்று விண்டோஸில் இருக்கிறது; நாம் அணைக்கும் வரை அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

பொதுக் கணினியைப் பூட்டுவது என்றால் பலருக்கும் முதலில் தோன்றுவது வால்பேப்பர். மேனேஜருக்கு அதுதான் கண்ணில் படும், நடிகர் படம் வைத்திருந்தால் உடனே போன் வரும். ஆனால் வால்பேப்பரால் எந்தக் கார்ட்டனும் தாமதமாகப் போனதில்லை. அதனால் பூட்ட உட்காரும் முன் நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் இதை மாற்றினால் அடுத்து வந்து உட்காருபவர் இடறுவாரா? இடறுவார் என்றால் பூட்டலாம். இல்லை என்றால், எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகப் பூட்டக் கூடாது.

கீழே சொல்வதெல்லாம் விண்டோஸ் 10, 11இல் ப்ரோ பதிப்பை வைத்து. ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர், அதாவது கணினியில் யார் எதை மாற்றலாம் என்ற விதிகளை (கொள்கைகளை) போடும் கருவி, கிடையாது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் கையால் எழுதிச் சில விஷயங்களைப் பிடிக்கலாம், ஆனால் ஒவ்வொரு லாகினுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், ஆறு மாதம் கழித்து எதை எங்கே எழுதினோம் என்று நமக்கே நினைவிருக்காது. அலுவலகக் கணினிக்கு ப்ரோ வாங்கச் சொல்லுங்கள். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, ஆகவே புதிதாக ஆரம்பிப்பவர்கள் 11இலேயே ஆரம்பிப்பது நல்லது.

முதலில் ஒரு நோட்டு

கணினியைத் தொடாதீர்கள். போன மாதம் எந்தெந்தப் புகாருக்காக எழுந்து போனீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். என் தாளில் இருந்தவை: ஸ்டிக்கர் தவறான பிரிண்டருக்குப் போனது, எக்ஸலில் தேதி மாறியது, டெஸ்க்டாப்பில் ஐகான் காணாமல் போனது, பிரௌசரில் யாரோ ஒருவருடைய ஜிமெயில் திறந்தே கிடந்தது, பாஸ்வேர்டு சரியாக அடித்தும் உள்ளே விடவில்லை, திரை தலைகீழாகத் திரும்பியது. கடைசியாகச் சொன்னது பழைய இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர் உள்ள கணினிகளில் கன்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நடக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரைக் கலாய்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. இன்டெல் கிராபிக்ஸ் அமைப்பில் ஹாட்கீயை அணைத்தால் தீர்ந்தது.

வால்பேப்பர் இந்தப் பட்டியலிலேயே இல்லை, கவனித்தீர்களா? மேனேஜர் கேட்டதால் பிறகு சேர்த்தேன்.

லாகினைப் பிரித்தாலே பாதி வேலை முடிந்தது

எங்கள் பேக்கிங்கில் இருந்தது ஒரே லாகின். பாஸ்வேர்டு கீபோர்டின் அடியில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கும். அதுவும் அட்மின் லாகின்! இந்த நிலையில் எத்தனை பூட்டுப் போட்டாலும் பயன் இல்லை, சாவி எல்லோர் கையிலும் இருக்கிறது.

எனவே முதல் படி: ஒவ்வொரு கணினியிலும் இரண்டு அட்மின் கணக்குகள். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று நீங்கள் லீவில் இருக்கும்போது அல்லது நீங்களே உங்களை வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டபோது திறக்க. இரண்டாவதன் பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டி மேனேஜரிடம் கொடுங்கள். அப்புறம் வேலை செய்பவர்களுக்கு, அட்மின் உரிமை இல்லாத ஸ்டாண்டர்ட் கணக்கு. முடிந்தால் ஆளுக்கு ஒன்று. ஆள் அடிக்கடி மாறும் இடம் என்றால் குறைந்தபட்சம் பிரிவுக்கு ஒன்று, ஷிப்டுக்கு ஒன்று.

தேதிக் குழப்பம் இந்த ஒரு படியிலேயே முக்கால்வாசி போய்விட்டது. அமெரிக்க பையரைப் பார்க்கும் மெர்ச்சண்டைசர் ஒருவர் மாதம் முன்னால் வரும் முறைக்குத் தேதியை மாற்றிவிட்டுப் போயிருந்தார். அவருக்கு அது தேவை, அவர் மேல் தப்பு இல்லை. ஆனால் அதே லாகினில் அடுத்து உட்கார்ந்தவர் எக்ஸலில் நாள், மாதம் என்ற வரிசையில் அடித்துக்கொண்டே போனார். நாள் 12க்குள் இருந்தால் நாளும் மாதமும் சத்தமில்லாமல் இடம் மாறிவிடும், 12ஐத் தாண்டினால் தேதியாக ஏறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஆக ஒரே பத்தியில் பாதி சரி, பாதி தப்பு, பார்த்தால் தெரியாது. தேதி வடிவம் விண்டோஸில் லாகின் வாரியாகச் சேமிக்கப்படுவது. லாகினைப் பிரித்தால் அவர் மாற்றம் அவரோடு.

"ஒவ்வொருவருக்கும் லாகின் கொடுத்தால் மாறி மாறி உள்ளே வர நேரமாகும்" என்பார்கள். முதல் தடவை மட்டும்தான் நேரமாகும். குரூப் பாலிசி எடிட்டரில் (திறப்பது எப்படி என்று கீழே வருகிறது) கம்ப்யூட்டர் கான்பிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், லாகான் என்ற வழியில் போய், முதல் லாகினில் வரும் அந்த 'ஹாய்' அனிமேஷனை அணைத்துவிடுங்கள், கொஞ்சம் மிச்சமாகும். அதே இடத்தில் ஃபாஸ்ட் யூசர் ஸ்விட்சிங் நுழைவுகளை மறைக்கும் கொள்கையும் இருக்கிறது. அதைக் கட்டாயம் போடுங்கள், இல்லாவிட்டால் நான்கு பேர் லாக்-ஆஃப் செய்யாமல் மாறி மாறி உள்ளே வந்து, 8 ஜிபி நினைவகத்தை நான்கு பிரௌசர்கள் பங்குபோட்டுக்கொண்டு, கணினி மூச்சுத் திணறி நிற்கும்.

பழைய மென்பொருள் அட்மின் கேட்கிறதே என்றால்

ஸ்டாண்டர்ட் கணக்குக்கு மாற்றியதும் ஏதாவது ஒரு பழைய மென்பொருள் அடம்பிடிக்கும். எங்களுக்கு ஸ்டிக்கர் அடிக்கும் மென்பொருள். நிறையப் பேர் இந்த இடத்தில் களைத்துப்போய் எல்லோரையும் மறுபடி அட்மின் ஆக்கிவிடுகிறார்கள். வேண்டாம். பெரும்பாலும் விஷயம் இதுதான்: அந்த மென்பொருள் தன்னுடைய செட்டிங் கோப்பை ப்ரோகிராம் ஃபைல்ஸில் தன் போல்டருக்குள்ளேயே எழுதப் பார்க்கிறது, ஸ்டாண்டர்ட் கணக்குக்கு அங்கே எழுத உரிமை இல்லை.

இதில் ஒரு கண்ணாமூச்சி உண்டு. பழைய 32-பிட் மென்பொருள் என்றால் விண்டோஸ் பிழை காட்டாமல், அந்தக் கோப்பை அந்தந்த லாகினின் ஆப்டேட்டாவுக்குள் (மென்பொருள்கள் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தகவல் சேமிக்கும் மறைந்த போல்டர்) இருக்கும் வர்ச்சுவல் ஸ்டோர் என்ற போல்டருக்குத் திருப்பிவிட்டுவிடும். மென்பொருளோ சரியான இடத்தில் எழுதிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். விளைவு, காலை ஷிப்ட் சரிசெய்த ஸ்டிக்கர் அளவு மாலை ஷிப்டுக்குத் தெரியாது. இரண்டு நாள் நான் இதன் பின்னால் அலைந்திருக்கிறேன். தீர்வு எளிது: அந்த மென்பொருளின் போல்டருக்கு மட்டும், செக்யூரிட்டி தாவலில், யூசர்ஸ் குழுவுக்கு மாடிஃபை உரிமை கொடுங்கள், வர்ச்சுவல் ஸ்டோரில் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் நகல்களை அழித்துவிடுங்கள். ஆளை அட்மின் ஆக்கத் தேவை இல்லை.

பூட்டைச் சரியான கதவில் போடுவது

இப்போதுதான் குரூப் பாலிசி. ரன் பெட்டியில் ஜிபிஎடிட்.எம்எஸ்சி (gpedit.msc) என்று அடித்துத் திறக்கும் சாதாரண எடிட்டரில் யூசர் கான்பிகரேஷன் பகுதியில் நீங்கள் போடும் எதுவும் அந்தக் கணினியின் எல்லா லாகினுக்கும் பொருந்தும். எல்லா என்றால் உங்களுக்கும்தான். நான் முதன்முதலில் செய்தபோது கன்ட்ரோல் பேனலைத் தடுத்தேன், கமாண்ட் ப்ராம்ப்டைத் தடுத்தேன், பிறகு ஆர்வம் தாங்காமல், பட்டியலில் உள்ள மென்பொருள் மட்டுமே ஓடலாம் என்ற கொள்கையைப் போட்டு, பட்டியலில் எக்ஸலையும் ஸ்டிக்கர் மென்பொருளையும் மட்டும் எழுதி, ஓகே கொடுத்தேன். எடிட்டரை மூடினேன். மறுபடி திறக்கப் போனால் எனக்கே அனுமதி இல்லை! கடைசியில் விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் பூட் செய்து, ஷிப்டும் எஃப்10உம் அழுத்தி வரும் கறுப்புத் திரையில், சிஸ்டம்32க்குள் இருக்கும் குரூப்பாலிசி போல்டரையே அழித்த பிறகுதான் மீண்டேன். டிஸ்க்கையே பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்ட கணினியாக இருந்தால் அதற்கும் ரெக்கவரி கீ தேடி ஓட வேண்டியிருக்கும்.

சரியான வழி இது. அட்மின் லாகினில், ரன் பெட்டியில் எம்எம்சி என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். வரும் காலி ஜன்னலில் ஃபைல் மெனுவில் ஆட்/ரிமூவ் ஸ்னாப்-இன் என்பதை எடுத்து, பட்டியலில் குரூப் பாலிசி ஆப்ஜெக்ட் எடிட்டரைத் தேர்ந்து ஆட் கொடுங்கள். ஒரு சின்னப் பெட்டி வரும், லோக்கல் கம்ப்யூட்டர் என்று போட்டிருக்கும். அவசரப்பட்டு ஃபினிஷ் கொடுத்துவிடாதீர்கள், அங்கேதான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். பிரௌஸ் அழுத்தி, யூசர்ஸ் தாவலுக்குப் போய், நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஃபினிஷ். இனி இந்த ஜன்னலில் போடும் பூட்டு அட்மின் அல்லாதவர்களுக்கு மட்டும். விஸ்டா காலத்திலிருந்தே இருக்கும் வசதி இது. ஜன்னலை ஒரு பெயர் கொடுத்துச் சேமித்து வைத்தால் அடுத்த முறை நேரே திறக்கலாம்.

இன்னொன்று. கொள்கைகளின் பெயர்கள் பெரும்பாலும் 'ப்ரிவென்ட்' என்றோ 'ப்ரொஹிபிட்' என்றோ தொடங்கும், அதாவது தடு. அதை எனேபிள் செய்தால் தடை அமலுக்கு வரும். டிஸேபிள் செய்தால் தடை இல்லை. தலை கிறுகிறுக்கும்போது, "தடையை இயக்கு, தடையை நிறுத்து" என்று மனதுக்குள் தமிழில் படித்துப் பாருங்கள், தப்பு வராது.

எதை எதைப் பூட்டினேன்

பிரிண்டர் முதலில். யூசர் கான்பிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், கன்ட்ரோல் பேனல், பிரிண்டர்ஸ். அங்கே 'டர்ன் ஆஃப் விண்டோஸ் டிஃபால்ட் பிரிண்டர் மேனேஜ்மென்ட்' என்பதை எனேபிள் செய்யுங்கள். கூடவே பிரிண்டரைச் சேர்ப்பதையும் நீக்குவதையும் தடுக்கும் இரண்டு கொள்கைகள் இருக்கின்றன, இரண்டையும் போடலாம். பிறகு ஒவ்வொரு லாகினுக்குள்ளும் ஒரு முறை போய் ஸ்டிக்கர் பிரிண்டரை டிஃபால்ட் ஆக்கிவிட்டு வாருங்கள். டிஃபால்ட் பிரிண்டர் லாகினுக்கு லாகின் வேறு என்பதால் இந்தச் சலிப்பான வேலையைத் தவிர்க்க முடியாது.

தேதி. சிஸ்டம் கிளைக்குள் லோகேல் சர்வீசஸ் என்று ஒரு போல்டர் இருக்கிறது, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதில் 'டிஸ்அலவ் யூசர் ஓவர்ரைட் ஆஃப் லோகேல் செட்டிங்ஸ்' என்பதைப் போட்டால் தேதி, எண், பண வடிவங்களை யாரும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. வரிசை முக்கியம்: இந்தக் கொள்கை, போடும் நேரத்தில் இருக்கும் மாற்றங்களை அப்படியே உறைய வைத்துவிடும். தப்பாக இருக்கும்போது போட்டால் தப்பே நிலைத்துவிடும். ஆகவே முதலில் தேதியைச் சரிசெய்து, பிறகு பூட்டு. அதன் பிறகும் ஒருவர் அமெரிக்க ஆங்கிலம் என்று பிராந்தியத்தையே மாற்றலாம்; அதையும் அடைக்க வேண்டும் என்றால் பக்கத்திலேயே உள்ள 'ரெஸ்ட்ரிக்ட் யூசர் லோகேல்ஸ்' கொள்கையில் இந்திய ஆங்கிலத்தையும் தமிழையும் மட்டும் எழுதுங்கள். மெர்ச்சண்டைசர் கணினியில் நான் இதைப் போடவில்லை.

பாஸ்வேர்டு சரியாக அடித்தும் உள்ளே விடாத விவகாரமும் இங்கேதான் தீர்ந்தது. உள்ளே தமிழ் விசைப்பலகை வைத்திருப்பவருடைய அமைப்பு லாகின் திரைக்கும் வந்துவிடுகிறது. திரையின் மூலையில் தமிழ் என்று சின்னதாகக் காட்டும், யார் கவனிக்கிறார்கள்! பாஸ்வேர்டோ வெறும் புள்ளிகளாகத் தெரிவதால் என்ன அடிக்கிறோம் என்றே தெரியாது. கம்ப்யூட்டர் கான்பிகரேஷனில் அதே லோகேல் சர்வீசஸுக்குள், பயனரின் உள்ளீட்டு முறைகளை லாகின் திரைக்கு நகலெடுப்பதைத் தடுக்கும் கொள்கை இருக்கிறது. அதை எனேபிள் செய்யுங்கள். இது கம்ப்யூட்டர் பகுதியில் இருப்பதால் சாதாரண எடிட்டரிலேயே போட வேண்டும், நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் ஜன்னலில் தெரியாது.

ஐகான் காணாமல் போவதற்குக் கொள்கையே வேண்டாம். ஐகானை ஒவ்வொருவர் டெஸ்க்டாப்பிலும் வைக்காமல், யூசர்ஸ் போல்டருக்குள் பப்ளிக், அதற்குள் டெஸ்க்டாப் என்று மறைந்திருக்கும் போல்டரில் வையுங்கள். எல்லா லாகினிலும் தெரியும். ஸ்டாண்டர்ட் லாகினில் அதை அழிக்கப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். எவ்வளவு எளிது, எவ்வளவு பேருக்குத் தெரியாது. டாஸ்க்பாருக்கு, ஸ்டார்ட் மெனு அண்ட் டாஸ்க்பார் கிளையில் டாஸ்க்பார் அமைப்புகளைப் பூட்டும் கொள்கைகள் இருக்கின்றன. இழுத்துப் போட்டுக் கலைக்கும் பிரச்சினை உங்களிடம் இருந்தால் மட்டும் போடுங்கள்.

இனி வால்பேப்பர், மேனேஜருக்காக. டெஸ்க்டாப் கிளைக்குள் மறுபடி டெஸ்க்டாப், அதில் 'டெஸ்க்டாப் வால்பேப்பர்' கொள்கை. படத்தின் பாதையை எழுதினால் போதும், மாற்றுவதும் தானாகத் தடைபடும். படத்தை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் இரண்டு குழிகள். உங்கள் அட்மின் டெஸ்க்டாப்பில் வைத்தால் மற்றவர்களுக்கு அதைப் படிக்க உரிமை இல்லை, கறுப்புத் திரைதான் வரும். பப்ளிக் பிக்சர்ஸில் வைத்தால் எல்லோரும் எழுதலாம், அதே பெயரில் வேறு படத்தை யாராவது வைத்துவிட்டால் உங்கள் கொள்கையே அந்தப் படத்தைக் காவல் காக்கும். விண்டோஸ் போல்டருக்குள் வெப், அதற்குள் வால்பேப்பர் என்ற போல்டரில் வையுங்கள், ஸ்டாண்டர்ட் கணக்கால் அங்கே கை வைக்க முடியாது. லாக் திரைப் படத்தையும் இப்படியே மாற்றலாம் என்று பார்த்தால், அந்தக் கொள்கை ப்ரோவில் கண்ணுக்குத் தெரியும், வேலை செய்யாது. என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்கு மட்டும்தான்.

ஸ்கிரீன் சேவர், பர்சனலைசேஷன் கிளையில். படம் எதுவானாலும் சரி, நேரத்தையும் பாஸ்வேர்டு கேட்பதையும் மட்டும் கட்டாயமாக்குங்கள். நான் 10 நிமிடம் வைத்தேன், ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே திரையைப் பார்க்கும் இடத்தில் 20.

கன்ட்ரோல் பேனலையும் செட்டிங்ஸையும் முழுதாக அடைக்கும் 'ப்ரொஹிபிட் ஆக்சஸ்' கொள்கையைப் போட எல்லோருக்கும் கை அரிக்கும். போடாதீர்கள். அதில் எழுத்தளவை மாற்றும் இடமும் அடைந்துபோகும். அதற்குப் பதில் 'செட்டிங்ஸ் பேஜ் விசிபிலிட்டி' என்று ஒன்று இருக்கிறது: எந்தப் பக்கங்களை மறைக்க வேண்டும் என்று அரைப்புள்ளி போட்டுப் பட்டியலாக எழுதலாம்.

பிரௌசர்

உண்மையில் இந்தக் காலத்தில் ஒருவர் 'தன்னுடையது' ஆக்கிக்கொள்ளும் இடம் டெஸ்க்டாப் இல்லை, பிரௌசர்தான். குரோமில் தன் ஜிமெயில் போட்டுச் சிங்க் செய்வார், பாஸ்வேர்டு சேமிக்கவா என்று கேட்டால் சரி என்பார், வீட்டில் பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷன் எல்லாம் அலுவலகத்தில் வந்து இறங்கும். பிரிவுக்கு ஒரு லாகின் என்று வைத்திருந்தால் அடுத்த ஷிப்ட் அவருடைய பேங்க் பாஸ்வேர்டு வரை பார்க்கலாம். இது கம்பெனியின் பாதுகாப்பு என்பதை விட அந்த ஆளின் பாதுகாப்பு.

குரோமுக்கான பாலிசி டெம்ப்ளேட்டுகளை கூகுள் தருகிறது. இறக்கி, விண்டோஸ் போல்டரில் உள்ள பாலிசிடெஃபினிஷன்ஸில் போட்டால் எடிட்டரிலேயே கூகுள் குரோம் என்று ஒரு கிளை முளைக்கும். நான்கு விஷயம் போதும்: பிரௌசரில் சைன்-இன் செய்வதைத் தடுப்பது, பாஸ்வேர்டு மேனேஜரை அணைப்பது, எக்ஸ்டென்ஷன் தடைப்பட்டியலில் ஒரே ஒரு நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் தடுப்பது, தேவையானதை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்ப்பது. ஹோம்பேஜைக் கட்டாயமாக்கப் பார்த்து, வேலை செய்யவில்லை என்று முடியைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். டொமைனிலோ (அலுவலகக் கணினிகளை ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) கூகுளின் நிர்வாகத்திலோ சேராத விண்டோஸ் கணினியில் குரோம் அந்தக் கொள்கையை ஏற்காது. முகவரிப் பட்டையில் குரோமின் பாலிசி பக்கத்தைத் திறந்தால் எது ஏறியது, எது ஏறவில்லை என்று காட்டிவிடும். எட்ஜுக்கும் இதே முறைதான். பயர்பாக்ஸுக்கு 60ஆம் பதிப்பிலிருந்து, அது நிறுவப்பட்ட போல்டருக்குள் டிஸ்ட்ரிபியூஷன் என்ற போல்டரில் ஒரு ஜேசன் கோப்பு வைத்தால் போதும்.

மென்பொருள் இறக்குவது

ஸ்டாண்டர்ட் கணக்கு என்றால் எதையும் நிறுவ முடியாது என்பது பாதி உண்மைதான். ஆப்டேட்டாவுக்குள்ளேயே தன்னை நிறுவிக்கொள்ளும் மென்பொருள்கள் அட்மினைக் கேட்பதே இல்லை, குரோமே அப்படி ஏறும். இதை அடைக்க ஆப்லாக்கர், எந்த மென்பொருள் ஓடலாம் என்று தீர்மானிக்கும் விண்டோஸ் வசதி. முன்பு என்டர்பிரைஸுக்கு மட்டும் என்றிருந்தது, இப்போது ப்ரோவிலும் ஓடுகிறது. ரன் பெட்டியில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியைத் திறந்து, ஆப்லாக்கரில் எக்ஸிகியூட்டபிள் ரூல்ஸ் மேல் வலது கிளிக் செய்து டிஃபால்ட் ரூல்ஸை உருவாக்குங்கள். அதன் பொருள்: விண்டோஸ் போல்டரிலும் ப்ரோகிராம் ஃபைல்ஸிலும் உள்ளதை யாரும் ஓட்டலாம், வேறு இடத்தில் உள்ளதை அட்மின் மட்டும் ஓட்டலாம். உடனே அமல்படுத்தாதீர்கள். ஆடிட் ஒன்லி என்று வைத்து, அப்ளிகேஷன் ஐடென்டிட்டி சர்வீஸ் ஓடுகிறதா என்று உறுதி செய்து, ஒரு வாரம் விடுங்கள். ஈவென்ட் வியூவரில் ஆப்லாக்கர் பதிவில் 8003 என்ற எண்ணோடு வருபவை, அமல்படுத்தியிருந்தால் தடுக்கப்பட்டிருக்கக்கூடியவை. எங்கள் பட்டியலில் கூரியர் கம்பெனி ஒன்றின் சின்ன மென்பொருள் வந்தது. அதைப் பார்க்காமல் அமல்படுத்தியிருந்தால் அன்றைக்குச் சாம்பிள் பார்சல் எதுவும் கிளம்பியிருக்காது.

எதைத் தொடக் கூடாது

விசைப்பலகை. தமிழில் அடிப்பவர்கள் உள்ள அலுவலகத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. தட்டச்சுப் படித்து வந்தவருக்குப் பழைய டைப்ரைட்டர் முறை, ஒருவருக்கு 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99, இன்னொருவருக்கு அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்கும் ஒலிபெயர்ப்பு முறை. மூன்று பேருக்கும் கை பழகிய பழக்கம் வேறு. ஒரே முறையைத் திணித்தால் இருபது வருடம் தட்டச்சு செய்தவர் ஒரே நாளில் கற்றுக்குட்டி ஆகிவிடுவார். தேவையான முறைகளை எல்லாம் நீங்களே நிறுவிவிட்டு, தேர்வை அவரவர் லாகினில் விட்டுவிடுங்கள். அதேபோல பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருவை அட்மினாக எல்லோருக்கும் நிறுவி வையுங்கள், ஒருவர் மட்டும் தன் லாகினில் நிறுவினால் மற்றவருக்கு அந்தக் கோப்பு கிறுக்கலாகத்தான் தெரியும்.

எழுத்தளவு, மவுஸ் பாயின்டரின் அளவு, கான்ட்ராஸ்ட், இடது கைக்காரர்களுக்கு மவுஸ் பட்டனை மாற்றுவது, இவற்றையும் தொடாதீர்கள். பர்சனலைசேஷன் கிளையில் மவுஸ் பாயின்டரை மாற்றுவதைத் தடுக்கும் கொள்கை ஒன்று இருக்கிறது, வரிசையாக எனேபிள் செய்துகொண்டே போகும் வேகத்தில் நானும் அதைப் போட்டேன். கண் பார்வை குறைந்த ஒரு அண்ணன், எப்போதும் பெரிய பாயின்டர் வைத்து வேலை செய்பவர், மூன்று நாள் ஒன்றும் சொல்லாமல் திரையில் பாயின்டரைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறார். கேட்டதற்கு, "ஆபீஸ்ல மாத்தியிருப்பாங்கன்னு நினைச்சேனுங்க" என்றார். அந்த மூன்று நாள் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலிருந்தே இருக்கிறது என்பது அப்புறம். முதலில், அந்தப் பூட்டால் யாருக்கு என்ன லாபம்?

ஆளுக்கு ஒரு லாகின் உள்ள கணினிகளில் வால்பேப்பரையும் பின்னர் திறந்துவிட்டேன். மேனேஜரிடம் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது.

ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி

இன்னொரு வழி, எதையும் தடுக்காமல் எல்லாவற்றையும் மறக்கடிப்பது. யார் என்ன மாற்றினாலும் ரீஸ்டார்ட் செய்ததும் பழைய நிலை. எக்ஸ்பி காலத்தில் மைக்ரோசாப்டே ஸ்டெடிஸ்டேட் என்று இலவசமாக ஒன்றைக் கொடுத்தது, பிரௌசிங் சென்டர்களுக்கு அது வரம். 2010 இறுதியில் நிறுத்திவிட்டார்கள். இன்று காசு கொடுத்தால் ஃபாரானிக்ஸின் டீப் ஃப்ரீஸ் இருக்கிறது, விண்டோஸ் என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் யூனிஃபைடு ரைட் ஃபில்டர் உள்ளேயே இருக்கிறது.

வரவேற்பறை, பயிற்சி அறை, பார்வையாளர் கணினி போன்றவற்றுக்கு இது அருமை. வேலை நடக்கும் கணினிக்கு யோசித்துச் செய்யுங்கள். ஒரு பையன் 6 மணி நேரம் உட்கார்ந்து போட்ட பேக்கிங் லிஸ்ட்டை டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போனான், காலையில் வந்தால் டெஸ்க்டாப் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. கோப்புகளைச் சேமிக்கச் சர்வரிலோ உறைய வைக்காத தனி டிரைவிலோ இடம் ஒதுக்கி, அதைப் பழக்கிவிட்ட பிறகே இதை இயக்குங்கள். விண்டோஸ் அப்டேட்டும் ரீஸ்டார்ட்டில் மறைந்துவிடும் என்பதால், வாரம் ஒரு இரவு உறைவை எடுத்து அப்டேட் ஏற்றும் நேரம் ஒன்றையும் குறித்து வைக்க வேண்டும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: க்னோம் டெஸ்க்டாப்பில், அமைப்புகளைச் சேமிக்கும் டிகான்ஃபில் லாக்ஸ் என்ற போல்டரில் எந்தச் சாவியின் பெயரை எழுதுகிறீர்களோ, அதைப் பயனரால் மாற்ற முடியாது. விண்டோஸின் இந்தக் காட்டைவிட அது தெளிவாக இருக்கும்.

ஒன்றில் சோதித்து ஒன்பதுக்கு

முதலில் ஒரே கணினியில் எல்லாவற்றையும் போட்டு, ஒரு ஸ்டாண்டர்ட் லாகினில் நீங்களே அரை நாள் உட்கார்ந்து நிஜ வேலையைச் செய்து பாருங்கள்: ஒரு ஸ்டிக்கர், ஒரு இன்வாய்ஸ், ஒரு மெயில், ஒரு ஸ்கேன். கொள்கை உடனே தெரியவில்லை என்றால் கமாண்ட் ப்ராம்ப்டில் ஜிபிஅப்டேட் கட்டளையை ஃபோர்ஸ் என்று சேர்த்து ஓட்டுங்கள். வால்பேப்பர் போன்றவற்றுக்கு லாக்-ஆஃப் செய்து வர வேண்டும். ஜிபிரிசல்ட் கட்டளை, எந்த லாகினுக்கு எந்தக் கொள்கை ஏறியிருக்கிறது என்று அறிக்கையாகவே கொடுக்கும்.

மற்ற எட்டுக் கணினிகளிலும் கையால் திரும்பப் போட வேண்டியதில்லை. சிஸ்டம்32க்குள் குரூப்பாலிசியூசர்ஸ் என்று மறைந்திருக்கும் போல்டரில்தான் நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் பூட்டுகள் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன, அந்தக் குழுவின் அடையாள எண் எல்லா விண்டோஸிலும் ஒன்றே என்பதால் போல்டரை அப்படியே நகலெடுத்து வைத்து ஜிபிஅப்டேட் ஓட்டினால் போதும். கணினிகள் இருபது முப்பதைத் தாண்டிவிட்டால் இதோடு மல்லுக்கட்டாமல் டொமைனுக்கோ மைக்ரோசாப்டின் இணையவழி நிர்வாகச் சேவையான இன்ட்யூனுக்கோ போய்விடுங்கள்.

போடுவதற்கு முந்தைய நாள், என்ன மாறப் போகிறது, ஏன் என்று ஐந்தே வரியில் எழுதி ஒவ்வொரு கணினியின் பக்கத்திலும் ஒட்டினேன். கடைசி வரி: "ஏதாவது வேலை தடைப்பட்டால் உடனே கூப்பிடவும், பூட்டைத் திறக்க இரண்டு நிமிடம்தான் ஆகும்." முதல் வாரத்தில் பதினொரு அழைப்பு வந்தது. அதில் நான்கு என் தப்பு, நான்கையும் அன்றன்றைக்கே திறந்துவிட்டேன். பெரிய பாயின்டர் அண்ணன் மட்டும் கூப்பிடவே இல்லை, அதனால் இப்போதெல்லாம் முதல் வாரம் நானே ஒவ்வொரு நாற்காலிக்கும் போய் ஐந்து நிமிடம் நின்று பார்க்கிறேன்.